இலையின் அடிப்பக்கம் பார்

தெக்கா,
ஜனவரி, காற்று நிற்காத ஒரு வியாழக்கிழமை

என் அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு, உன் இர்மா எழுதுவது.

இங்கே நானும் நம் மகள் ரயேனும் உன் அப்பாவும் சுகம். கடிதத்தின் தலையில் இந்த வரியை எழுதியே ஆக வேண்டும் என்று என் அம்மா பழக்கிவிட்டாள், அதனால் எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். உன் செடிகள் சாகப் போகின்றன என்று பயமாக இருக்கிறது.

கலார்சா கம்பளி மூட்டை ஏற்ற லாரியோடு தெற்கே வருகிறான். ஆடு கத்தரிக்கும் உங்கள் கூட்டம் எந்தப் பண்ணையில் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். உன் மலைக்குள் போன் எடுக்காது. ரேடியோவில் சொல்லி அனுப்பலாம் என்றால், மத்தியானம் வாசிக்கும் கிராமச் செய்தியைக் கேட்காத ஆள் இந்தப் பக்கத்தில் யார்? ‘எவாரிஸ்தோவுக்கு மனைவி இர்மா தெரிவிப்பது, கஞ்சாச் செடி வாடுகிறது’ என்று அந்தப் பெண் வாசித்தால், மறுநாள் செடியும் இருக்காது, வேலியும் இருக்காது. பிள்ளையின் மருந்துக்காக அரசாங்கம் கொடுத்த அனுமதிச் சீட்டு கதவில் ஒட்டியிருக்கிறது, உண்மைதான். திருடன் சீட்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவனா?

பிள்ளையின் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரிகிறது. போன அறுவடையில் நீ காய்ச்சியது இத்தனை காலம் வந்ததே பெரிது. புதிய அறுவடை ஏப்ரலில். அதுவரை எப்படி ஓட்டுவது என்று யோசித்து யோசித்து என் தலை காய்ந்துவிட்டது. இந்த எண்ணெய் வருவதற்கு முன்னால் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. வலிப்பில் விழும்போது மண்டை உடையாமலிருக்க ரயேனுக்குத் தலையில் கட்டின அந்தச் சைக்கிள் ஹெல்மெட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. இப்போது அவள் கறி அடைத்த எம்பனாதாவைத் தன் கையால் பிடித்துத் தின்கிறாள். உள்ளே இருக்கும் ஆலிவை மட்டும் தாத்தாவின் தட்டில் துப்புகிறாள். அந்தத் திமிரைப் பார்க்க நீ இல்லையே என்று இருக்கிறது.

செடிகளின் கதைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் கூரைக்குள் பெயிண்ட் டப்பாக்களில் நிற்கும் ஐந்தும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. ஆனால் இலைகளின் ஓரம் மேல்பக்கமாகச் சுருண்டு, இரு கை குவித்துத் தண்ணீர் வாங்குவது போல நிற்கின்றன. தாகம் என்று நினைத்து ஊற்றினேன். அடி இலைகள் மஞ்சளாகின. பசி என்று நினைத்து ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துக் கெட்டியாக ஊற்றினேன். இப்போது இலை நுனிகள் சிகரெட்டால் சுட்டது போல் கருகி, நகம் மாதிரி கீழே வளைகின்றன. போதாததற்கு, மேலே உப்புத் தூவினது போல வெளிறிய புள்ளிகள். ஒரே செடி ஒரே நேரத்தில் தாகம் என்றும் சொல்கிறது, மூச்சு முட்டுகிறது என்றும் சொல்கிறது. நான் எதைக் கேட்பது?

பிள்ளையை எனக்குப் படிக்கத் தெரியும். வலிப்பு வருமுன் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும், ஒரு கொட்டாவி வரும், கண் என்னை விட்டுச் சுவருக்குப் போகும். கூட்டத்தில் அவள் முதுகை மட்டும் காட்டினாலும் வரப் போகிறது என்று சொல்லிவிடுவேன். செடியைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. அது உன் வேலையாக இருந்தது. நீ காலையில் மாத்தே குடித்துக்கொண்டே ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாய். அப்போது நான் கேலி செய்தேன், ‘என் முகத்தைக் கூட இப்படிப் பாத்ததில்ல’ என்று.

ஆறாவது, அந்தச் சவலைச் செடி, சமையலறை ஜன்னலில் ஜெரேனியம் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீ எறியப் போனபோது ரயேன் கட்டிக்கொண்டு அழுதாளே, அதுதான். அது ஒரு சாண் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை, அதற்குப் பெயர் வைத்துத் தினமும் முத்தம் கொடுக்க ஆள் இருக்கிறது.

உன் அப்பா தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மருமகளே, நீ எதுக்குக் கலங்குற? நாப்பது வருஷம் மந்தையக் காத்தவன்டி நான். நோவு எதுல வந்தாலும் நோவுதான்” என்கிறார். நல்ல மனிதர். ஆனால் எல்லாவற்றையும் ஆடாகவே பார்க்கிறார்.

பதிலை ரேடியோவில் சொல்லி அனுப்பு. செடி என்று சொல்லாதே, தக்காளி என்று சொல். வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். பருவம் முடியாமல் நீ நடுவில் போனால் கூட்டத்தில் அடுத்த வருஷம் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரியும். நாங்கள் சமாளிக்கிறோம்.

இடுப்பு வலிக்கு அந்தக் கச்சையைக் கட்டிக்கொள். கத்தரி உன் கையைத் தொடாதிருக்கட்டும்.

உன்,
இர்மா


தெக்கா,
பிப்ரவரி தொடக்கம்

எவாரிஸ்தோ,

உன் செய்தி வந்தது. “இர்மாவுக்கு, எவாரிஸ்தோவிடமிருந்து. தக்காளிக்குத் தண்ணீரைக் குறை. சாணிக் கரைசலை நிறுத்து. கூரையை இரு பக்கமும் தூக்கிக் காற்று விடு. இலையின் அடிப்பக்கம் பார். ரயேனுக்கு முத்தம்.” அந்தப் பெண் சுத்தமாக வாசித்தாள். மறுநாள் ரொட்டிக் கடையில் எல்லோரும் என் தக்காளியைத்தான் விசாரித்தார்கள். கடைக்காரி, “எனக்கும் ரெண்டு கிலோ எடுத்து வை கண்ணு” என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் எங்கே போய்த் தக்காளி வாங்குவேன்?

சிரித்து எழுதத் தொடங்கினால் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பொறு, வரிசையாக எழுதுகிறேன்.

அடிப்பக்கம் பார்த்தேன். நீ கம்பளி இழையைப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். இலை நரம்பு ஓரமாகப் பொடிப் பொடியாகப் பூச்சிகள் ஊர்ந்தன. இலைக்கும் காம்புக்கும் நடுவில் மூச்சுப் பட்டால் அசையும் ஒட்டடை. மேலே நான் பார்த்த வெளிறிய புள்ளியெல்லாம் அவை கீழேயிருந்து உறிஞ்சின இடங்கள். வெயிலில் காற்றில்லாமல் மூடி வைத்ததும் நான்தான், தண்ணீரும் சாணியும் ஊற்றிச் செடியை நலிய வைத்ததும் நான்தான். சோர்ந்த உடம்பில்தானே நோய் குடியேறும்.

உன் அப்பாவிடமும் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதத்தான் இத்தன நாளாத் தேடிட்டு இருந்தியா? ஆட்டுச் சிரங்குல இருக்கே, அதோட ஒண்ணுவிட்ட தம்பிடி இவன்!” என்றார். நான் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைக்க வேண்டும் என்றேன். முன்பு பூச்சி வந்தபோது நீ அப்படித்தானே செய்தாய். ஒரு செடி முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. அவர் வாசலில் நின்று, “ஆட்ட யாராவது துணி வச்சுத் தொடப்பாங்களா?” என்று சிரித்துக்கொண்டு போனார்.

எண்ணெயை நீட்டுவதற்காகச் சொட்டுகளை நான் குறைத்திருந்தேன். உனக்கு எழுதவில்லை. மறுநாள் காலை பால் குடித்துக்கொண்டிருந்தவளின் கட்டைவிரல் மடங்கியது. ஒன்று முடியுமுன் அடுத்தது. ஆம்புலன்ஸில் எஸ்கேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பயப்படாதே, திரும்பி வந்துவிட்டோம். ஆனால் அங்கே இருந்த நாட்களில் அவள் ‘அப்பா’ என்ற சொல்லை எங்கேயோ வைத்துவிட்டாள். இன்னும் தேடி எடுக்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது உன் அப்பா கேட்டில் நின்றார். முகம் கழுவி, தலை வாரி, அந்தத் திருவிழாத் தொப்பியைப் போட்டிருந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னை நேராகச் செடிக் கொட்டகைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

செடிகள் அப்படி நின்றன, எவாரிஸ்தோ. சுருட்டல் இல்லை. ஒட்டடை இல்லை. காற்றும் குறைந்த தண்ணீரும் கொடுத்த புதிய தளிர்கள் கரும்பச்சையில் பளபளத்தன. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், ஒரு பூச்சி இல்லை. சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. உனக்குத் தெரியும். உன் சட்டையில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசனை. ஆடுகளைச் சிரங்குக்கு முக்கி எடுக்கிற மருந்து.

“சொன்னேன்ல மருமகளே? ஒவ்வொண்ணாச் சாச்சுத் தொட்டியில கழுத்து வரைக்கும் முக்குனேன். கவட்டக் கோல வச்சுத் தலையையும் ரெண்டு வாட்டி உள்ள அமுக்குனேன். தலைய விட்டா காது மடல்ல ஒளிஞ்சுக்குவான், ராஸ்கல். ஒருத்தன் தப்பல!”

ஆட்டுக்குச் செய்ததையே செய்திருக்கிறார். தலையை இரண்டு முறை அமுக்கத் தவறினவன் மேய்ப்பனே இல்லை என்று உன்னை அடித்து வளர்த்தவர்தானே.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாமா, இத நம்ம புள்ளைக்குல்ல குடுக்கணும்” என்றேன், அவ்வளவுதான். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தோளில் தூங்கினவளைப் பார்த்தார். பிள்ளையை என் கையில் மெதுவாகக் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

கலார்சா ஹாரன் அடிக்கிறான். நாளை டாக்டரிடம் கேட்கிறேன். கழுவினால் போகுமா, காத்திருந்தால் போகுமா, ஏதாவது ஒரு வழி இருக்கும். நீ கடவுளிடம் பேசி ரொம்ப நாளாகிறது என்று தெரியும். இன்றைக்கு ஒரு முறை பேசு.

இர்மா


தெக்கா,
பிப்ரவரி, ஞாயிறு

என் கிழவா எவாரிஸ்தோ,

டாக்டர் அம்மாவிடம் போனில் கேட்டேன். மருந்தின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு, “இர்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. கழுவினாலும் போகாது, எண்ணெயாக் காய்ச்சுனா விஷமும் சேந்து சுண்டும். வலிப்பு இருக்கிற மூளைக்கு இது நெருப்பு மாதிரி” என்றார்கள். மருந்துக் கடையில் விற்கும் எண்ணெய்க்கு அவர்களே மனு எழுதித் தலைநகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டின மாத்திரையில் பிள்ளை நாளெல்லாம் எச்சில் வடியத் தூங்குகிறாள்.

எஸ்கேலில், நம்மைப் போலவே பிள்ளைக்காகச் செடி வளர்த்த சுலேமாவிடம் கேட்டேன். அவளுடைய செடிகளைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே திருடர்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஆனாலும் தன் மகனுடைய புட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். இன்னொரு தாயின் பிள்ளையிடமிருந்து எடுக்கிறேன் என்று தெரிந்தே வாங்கினேன். அதுவும் தீர்ந்தது. காலிப் புட்டியில் சமையல் எண்ணெய் ஊற்றிக் குலுக்கி, அந்தக் கழுவலையும் கொடுத்து முடித்தேன்.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவ்வளவு அழகாக நின்றன, எவாரிஸ்தோ. நீ வளர்த்தபோதுகூட அப்படி நின்றதில்லை. வாடல், சுருட்டல், மஞ்சள், நுனிக் கருகல், நீ சொல்லிக் கொடுத்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. நோயோடு நின்றபோது நாள்தோறும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த செடிகள், விஷத்தைக் குடித்துவிட்டு வாயே திறக்கவில்லை. ‘கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன, ஒரே ஒரு சொட்டு, அவளுக்கு ஒன்றும் ஆகாது’ என்று என் மனம் சொன்னது. ஒரு கிளையை வெட்டியும்விட்டேன்.

திரும்பினால் உன் அப்பா மூலையில் கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் மாத்தேக் குடுவை. உள்ளே மாத்தேக்குப் போடும் யெர்பாத் தூள் இல்லை, அந்த இலைகளை அரிந்து போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார். “மொதல்ல நான் குடிச்சுப் பாக்குறேன்மா. கெழவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா புள்ளைக்குக் குடுக்கலாம்ல” என்றார். உறிஞ்சும் குழலை வாயில் வைத்துவிட்டார். நான் பாய்ந்து குடுவையைத் தட்டிவிட்டேன். அது உன் அம்மாவின் வெள்ளிப் பூண் போட்ட குடுவை, உடைந்துவிட்டது. வாயில் போன ஒரு மடக்கைத் துப்பச் சொல்லி அவர் முதுகில் அறைந்தேன். மாமனாரை அடித்த மருமகள் ஆகிவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம். அவருக்கு ஒன்றும் இல்லை, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அவரே வேலிக்கு அப்பால் குழி வெட்டினார். எரித்தால் புகையிலும் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்கள். ஐந்தையும் டப்பா மண்ணோடு புதைத்தோம். நோய் கண்ட ஆட்டைப் புதைக்கும்போது செய்வது போல, மேலே சுண்ணாம்பு தூவி, கல் அடுக்கினார். அன்றிலிருந்து நம் மேசையில் அவர் சாப்பிடுவதில்லை. தட்டை வாசலுக்கு எடுத்துப் போகிறார். பிள்ளை ஆலிவைத் துப்புவதற்குத் தாத்தாவின் தட்டைத் தேடுகிறாள்.

எல்லாம் போயிற்று என்று நினைக்காதே. ஜன்னலில் அந்தச் சவலைச் செடி இருக்கிறது. அதை மட்டும் ஏன் முக்கவில்லை என்று கேட்டேன். “அது புள்ளையோடதாச்சே. அவ ஊர்ல இல்ல. கேக்காம எப்படி எடுக்குறது?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன். அவர்தான் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

ஆனால் அது ஆரோக்கியமாக இல்லை. உனக்கு எழுதுகிறேன், கவனமாகப் படி. வெளிச்சம் தேடிக் கழுத்து நீண்டு கண்ணாடிப் பக்கமே சாய்கிறது. தண்டு ஊதா நிறத்தில் இருக்கிறது. அடி இலை இரண்டு மஞ்சளாகி உதிர்ந்தன. பிள்ளைக்காகச் சமையலறை விளக்கை அணைக்காமல் வைத்திருந்தேன். செடி பூக்க இருட்டு வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது பொழுது சாய்ந்ததும் உன் அப்பா வந்து தன் கம்பளிப் போர்வை போன்ச்சோவைக் கழற்றி அதன்மேல் கூடாரம் போல மூடுகிறார். விடிந்ததும் வந்து எடுக்கிறார். இரவுக் குளிரில் வெறும் சட்டையோடு தன் வீட்டுக்கு நடந்து போகிறார், சொன்னால் கேட்பதில்லை.

நேற்று தண்டும் கிளையும் சேரும் கணுவில் கடுகளவு ஒரு மணி வந்திருக்கிறது. வெள்ளை முடி இரண்டு எட்டிப் பார்த்தால் எண்ணெய் தரும் பெண், காம்பில் உருண்டையாகத் தொங்கினால் ஆண் என்று சொல்லியிருக்கிறாய். ரொம்பக் கஷ்டப்பட்ட பெண் செடி சில நேரம் இரண்டையும் காட்டும், அப்போது உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் எல்லாம் விதையாகிப் போகும் என்றும் சொல்லியிருக்கிறாய். பெண்ணாக இருந்தால் கிளை ஒடித்து நட்டு இன்னும் நாலு செடி உண்டாக்க உனக்குத் தெரியும். அந்த மணியைக் கண்ணாடியில் பார்க்கிறேன். முடி இருப்பது போலும் இருக்கிறது, இல்லாதது போலும் இருக்கிறது. கிள்ளலாமா, விடலாமா? தப்பாகக் கிள்ளினால் இருக்கும் ஒன்றும் போய்விடும். இதுவரை இலை இலையாக உனக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடுகை எழுத எனக்கு வார்த்தை இல்லை. இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ரயேனின் கட்டைவிரல் இப்போதெல்லாம் விரிவதே குறைவு. தூங்கும்போதும் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. நான் அதை விரித்து என் விரலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு அருகில் ரேடியோவைத் தரையில் வைத்திருக்கிறேன். கிராமச் செய்தியின் மணி அடித்ததும், அந்தத் தூக்கத்திலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறாள். போன முறை அவள் பெயரை வாசித்தார்கள் இல்லையா, அதை மட்டும் தொலைக்காமல் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

அதனால் இந்த முறை தக்காளியைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பாதே. திரும்பி வரும்போது கலார்சாவின் லாரியில் முன் சீட்டில் ஆள் இல்லையாம். இதை உனக்கு எழுதச் சொன்னது உன் அப்பா, நான் இல்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்து, எழுதிவிட்டேனா என்று இத்தோடு மூன்றாவது முறை கேட்டுவிட்டார்.

நீ வருவது எந்தக் கிழமை என்பதை மட்டும் ரேடியோவில் சொல்லச் சொல். சொல்லுமுன் ‘ரயேனுக்கு’ என்று வாசிக்கச் சொல். மெதுவாக, இரண்டு முறை.

உன்னையும் உன் கைகளையும் ஆண்டவர் முழுதாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

காத்திருக்கும்,
இர்மா